கேண்டரைப் பிரிப்பதா, விற்பதா

என் கேண்டர் லாரியின் டிப் ஸ்டிக்கை, அதாவது எஞ்சின் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை, இழுத்துத் துணியில் வைத்துப் பார்த்தேன். எண்ணெய் கருப்பாக இல்லை. டீக்கடையில் பால் தூக்கலாக ஊற்றிக் கொடுப்பார்களே லப்பெயே, பர்மிய டீ, அந்த நிறம். விரலில் எடுத்தால் வழவழப்பைக் காணோம், நுரைதான் இருந்தது. ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்கி எண்ணெயோடு கலந்துவிட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இடம், பழைய ரங்கூன்-மண்டலே ரோட்டில் ப்யூவுக்குக் கொஞ்சம் வடக்கே. 2025 ஏப்ரல் முதல் வாரம், உச்சி வெயில். மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு எங்கள் ஊர்க் கோயிலில் சேர்த்த அரிசி, தண்ணீர், தார்ப்பாய் எல்லாவற்றையும் ஏற்றிப்போய் மண்டலேயில் இறக்கிவிட்டு, வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். சகாயிங் பக்கத்தில் ஆவா பாலம் ஆற்றுக்குள் விழுந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்தவன், எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதாவது, பார்த்தேன். பார்த்தும் ஓட்டினேன். ப்யூவுக்கு வெகு முன்பே, பின்மனாவிலேயே முள் பாதியைத் தாண்டிவிட்டது. "மாமா, முள்ளு ஏறுது" என்று கிளீனர் பையன் இரண்டு தடவை சொன்னான். "வெயிலுப்பா" என்றேன். ஐம்பத்து மூன்று வயதில் பத்தொன்பது வயசுப் பையன் சொல்வதைக் கேட்டிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

அன்றைக்கு ராத்திரி, எங்களைப் போலவே நிவாரணச் சாமான் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு லாரிக்காரர் கயிறு கட்டிப் பெகு வரைக்கும் இழுத்து வந்தார். டீசல் காசு கூட வாங்கவில்லை. எஞ்சின் ஓடாத லாரியைக் கயிற்றில் பிடித்து வந்தவர்களுக்குத்தான் அந்த நூறு மைல் புரியும். பிரேக்குக்கு உதவி இருக்காது, மிதி கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் அப்படித்தான். முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு பெரிதானால் மிதி, சிறிதானால் விடு. விடியற்காலையில் பெகுவின் ஷ்வேமோடோ பகோடாக் கோபுரம் தெரிந்தபோது என் வலது கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மிட்சுபிஷி கேண்டர், 1995 மாடல், மூன்று டன். எஞ்சின் 4டி33: நான்கு சிலிண்டர், 4,214 சிசி, டர்போ கிடையாது, டைமிங் பெல்ட் கிடையாது, எல்லாம் பல்சக்கரம். 2013இல் 190 லட்சம் கியாட்டுக்கு (கியாட் என்பது பர்மா காசு) வாங்கினேன். கண்ணாடிக்கு மேலே தமிழில் 'முனீஸ்வரர் துணை', கீழே பர்மிய எழுத்தில் ஊர்ப் பெயர். மாசியிலிருந்து வைகாசி வரை உளுந்து ஓட்டம். இங்கே நெல் அறுத்த ஈரத்தில் உளுந்து விதைப்பார்கள், மட்பே என்பார்கள். மூட்டைகளைப் பெகு பக்கத்துக் கிராமங்களிலிருந்து ரங்கூன் பயின்னவுங் சந்தைக்குக் கொண்டுபோவேன். அங்கிருந்து கப்பல் ஏறினால் பெரும்பாலும் இந்தியாதான். மெட்ராஸில் யாரோ அரைக்கிற இட்லி மாவில் என் லாரிப் புழுதியும் கொஞ்சம் இருக்கலாம். தமிழ்நாட்டில் யாரும் இப்போது வீசைக் கணக்குச் சொல்வதில்லை என்கிறார்கள். எங்களுக்கு இன்னும் வீசைதான், ஒரு வீசை 1.63 கிலோ. மழைக்காலத்தில் கோயில் சாமான், கல்யாணப் பந்தல், சில நேரம் செங்கல்.

வண்டி வீட்டு வாசலில் நின்ற அன்றைக்கே ஆளுக்கொரு யோசனை வந்துவிட்டது.

பினாங்கில் வேலை செய்யும் மகன் போனில், "அப்பா, முப்பது வருஷ வண்டி. இன்னும் எத்தனை நாளைக்கு?" என்றான். ரங்கூனில் இருக்கும் மச்சான், "560 லட்சத்துக்கு ஒரு 2004 மாடல் இருக்கு, நம்ம ஆளு, நாளைக்கே வாங்க" என்றார். பெகுவில் ஒரு ப்வேசா, அதாவது புரோக்கர், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இப்படியே, உடைஞ்சபடியே, முந்நூறு லட்சம்" என்றார். என் மனைவி எதுவும் சொல்லவில்லை. கணக்கு நோட்டை எடுத்து வந்து திண்ணையில் உட்கார்ந்தாள்.

முந்நூறு லட்சம் என்றதும் எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியதை ஒத்துக்கொள்கிறேன். 190 லட்சத்துக்கு வாங்கி, பன்னிரண்டு வருஷம் ஓட்டி, எஞ்சினையும் வேகவைத்த பிறகு 110 லட்சம் லாபம்! வேறு எந்த நாட்டில் நடக்கும்? அவள்தான் பென்சிலால் இரண்டு வரி எழுதிக் காட்டினாள். நாங்கள் வாங்கிய வருஷம் ஒரு டாலருக்கு ஆயிரம் கியாட்டுக்கும் குறைவு. 2025இல் வெளிச்சந்தையில் நாலாயிரத்துக்கும் மேலே. டாலரில் போட்டுப் பார்த்தால் கைக்கு வருவது நாங்கள் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு. வண்டி விலை ஏறவில்லை, காசு இளைத்துப்போயிருக்கிறது. ப்வேசாவுக்கு இது தெரியும். எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பார். அவர் நினைத்தது சரிதான், எனக்குத் தெரியாது, அவளுக்குத்தான் தெரிந்தது.

எங்கள் வீட்டில் வண்டியை விற்றுக் காசாக வைத்திருப்பது என்றாலே ஒரு பயம் உண்டு. என் அப்பாவிடம் ஒரு செவர்லெட் லாரி இருந்தது. இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன ரகம். அந்தக் காலத்தில் பர்மா முழுக்க அவைதான் பஸ்ஸாகவும் லாரியாகவும் ஓடின. உதிரிச் சாமான் எங்கேயும் கிடைக்காது, லேத் பட்டறையில் கடைந்து போட வேண்டியதுதான். 1987 ஜூலையில் அப்பா அதை விற்றார். ஒரு ஹீனோ லாரி வாங்க வேண்டும் என்று ஆசை. பணத்தை எழுபத்தைந்து கியாட் நோட்டாகக் கட்டி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். செப்டம்பர் 5ஆம் தேதி ரேடியோவில் அறிவிப்பு வந்தது: 25, 35, 75 கியாட் நோட்டுகள் இனிச் செல்லாது, மாற்றித்தரவும் மாட்டார்கள். எனக்குப் பதினைந்து வயது. அப்பா கத்தவில்லை, அழவில்லை. பானையை எடுத்து வெளியே வைத்தார், அவ்வளவுதான். பிறகு 45, 90 என்று ஒன்பதால் வகுபடுகிற நோட்டாக அடித்து விட்டார்கள். அந்த நோட்டுகளை அப்பா கையில் வாங்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சாகிறவரை எங்களிடம் சொன்னது இது ஒன்றுதான்: பழசை விற்றால் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் புதுசு கையில் இருக்க வேண்டும், நடுவில் ஒரு ராத்திரி கூடக் காசு வீட்டில் தூங்கக் கூடாது.

ஆகவே ப்வேசாவை டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். மச்சான் சொன்ன வண்டியைப் பார்க்க ரங்கூன் போனேன்.

வெளியே பார்த்தால் கண்ணைப் பறித்தது. புதுப் பெயின்ட், புது சீட்டு உறை, சாவி திருப்பினால் ஒரே சுற்றில் பிடித்தது. புகை இல்லை. "பாத்தீங்களா" என்று மச்சான் என் தோளைத் தட்டினார். நான் லோஞ்சியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன்.

கையில் ஒரு சின்னச் சுத்தியல் எப்போதும் வைத்திருப்பேன். எங்கள் மெக்கானிக் சொல்லிக்கொடுத்த பழக்கம். அவரை எல்லாரும் சயா என்றுதான் கூப்பிடுவார்கள். வாத்தியாருக்கும் மெக்கானிக்குக்கும் இங்கே ஒரே மரியாதை. சயா சொல்வார்: எஞ்சினைக் காதால் கேட்காதே, சேஸிஸைக் கேள், அதாவது அடிச்சட்டத்தை. எஞ்சின் கெட்டால் ஜப்பானில் கழற்றியது இன்னொன்று வாங்கிப் போடலாம். கியர் பாக்ஸும் அப்படித்தான். சேஸிஸ் அரித்துப்போனால் வண்டியே இல்லை. மழையில் ஊறி, ஐராவதி டெல்டாவின் உப்புக் காற்றில் நின்ற வண்டி உள்ளேயிருந்து தின்னப்படும், வெளியே தெரியாது.

முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு சாணுக்கு ஒரு தட்டு. நல்ல இரும்பு 'ணங்' என்று திருப்பிச் சொல்லும், சுத்தியலும் கையில் துள்ளும். ஸ்டியரிங் பெட்டி பக்கம், ணங். கிளட்ச் மேலே, ணங். டீசல் டேங்க் கம்பி பக்கம், ணங். பின் ஸ்பிரிங் பட்டையைத் தாங்குகிற இடத்துக்கு வந்ததும் 'தொப்'. ஈர மரத்தைத் தட்டினது மாதிரி. சுத்தியல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அந்த இடம் முழுக்கத் தார் போலக் கருப்பு மை கெட்டியாகப் பூசியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் கீறினேன். மை உரிந்தது, கூடவே அப்பளம் போல ஒரு துரு வில்லை கழன்று என் கழுத்தில் விழுந்தது. அதற்குப் பின்னால் பழைய வெல்டிங் வரி, அதன்மேல் ஒட்டுத் தகடு.

இன்னொன்றும் பார்த்தேன். சேஸிஸ் நம்பர் குத்தியிருக்கும் இடத்தில் மட்டும் இரும்பு பளபளவென்று தேய்த்திருந்தது. நம்பர் ஓனர் புக்கோடு ஒத்துத்தான் இருந்தது. ஆனால் எதற்கு அங்கே தேய்க்க வேண்டும்? நாளைக்கு 'கஞந' அலுவலகத்தில் வண்டியை நிறுத்தும்போது யார் பதில் சொல்வது? (போக்குவரத்து இலாகாவின் பெயரைச் சுருக்கி அப்படித்தான் சொல்வார்கள். அவர்களுடைய எழுத்தும் நம்முடையதைப் போல க, ஞ, ந என்றே போவதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.) விற்கிறவர், "பெயின்டுக்காகத் தேய்ச்சது" என்றார். இருக்கலாம். நான் எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டேன். மச்சான் அன்றைக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிடவில்லை, ஒரு மாதம் பேசவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதே சுத்தியலோடு என் கேண்டருக்கு அடியில் படுத்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது என்றால் மிகையில்லை. ஊரான் வண்டியைத் தட்டும்போது இல்லாத பயம். இரண்டு பக்கமும் முழுசாகத் தட்டினேன். கியர் பாக்ஸுக்குப் பின்னால் குறுக்குச் சட்டத்தில் இரண்டு ரிவெட் ஆடியது. மற்றதெல்லாம் ணங்.

அதற்குப் பிறகுதான் சயாவின் பட்டறைக்கு இழுத்துப்போனோம். பெகு ஓரத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், அதன் நிழல்தான் பட்டறை. தகரக் கொட்டகை எல்லாம் சாமான் வைக்க. சயாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. என்னைப் பார்த்ததும், டிப் ஸ்டிக்கைக் கூட இழுக்கவில்லை. "முள்ளு எங்கே ஏறுச்சு?" என்று பர்மியத்தில் கேட்டார். "பின்மனா." "எங்கே நிறுத்தினே?" "ப்யூ." அதன் பிறகு கொஞ்ச நேரம் வெற்றிலை மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

கெட்ட எண்ணெயை வடித்து, புது எண்ணெய் ஊற்றி, டீசல் தெளிக்கும் நாசில்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அந்தந்தச் சிலிண்டரில் காற்று அழுத்தம் பார்த்தார். முதலாவது 26 கிலோ, இரண்டாவது 25, மூன்றாவது 17, நான்காவது 24. மூன்றாவதற்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுத் திரும்பப் பார்த்தபோது 22க்கு ஏறியது. எண்ணெய் விட்டதும் ஏறினால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உள்சுவரான லைனரும் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஏறாமல் இருந்தால் வால்வைச் சந்தேகப்பட வேண்டும். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைத் திறந்ததும் மூன்றாவதற்கும் தண்ணீர்ப் பாதைக்கும் நடுவே கேஸ்கெட் எரிந்து கருகியிருந்தது. இரும்பு அளவுகோலை ஹெட்டின் மேல் நிறுத்தி வைத்துப் பின்னால் டார்ச் அடித்தார். நடுவில் மட்டும் ஒளிக்கோடு ஒன்று கசிந்தது. ஹெட் வளைந்திருக்கிறது.

"இதைப் பாரு" என்று என் சுட்டுவிரலைப் பிடித்து மூன்றாவது சிலிண்டர் வாயில் வைத்து மேல்நோக்கி இழுத்தார். விளிம்புக்குச் சற்றுக் கீழே நகம் ஒரு படியில் தட்டியது. ரிங் ஏறி இறங்கித் தேய்ந்த இடத்துக்கும் அது தொடாத இடத்துக்கும் நடுவே அந்தப் படி. பழைய ரிங்கை அந்தச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக விட்டு நேராக்கி, வாய் இடைவெளியில் ஃபீலர் தகட்டை நுழைத்தார். அரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய இடைவெளி ஒன்றரைக்கு வந்திருந்தது. இது மண்டலே ரோட்டில் ஒரு நாளில் வந்ததில்லை. கேலனுக்கு 16 மைல் ஓடிய வண்டி இரண்டு வருஷமாக 12 மைல்தான் ஓடியது, ஒரு நடைக்கு ஒரு லிட்டர் எண்ணெயும் குடித்தது. டீசலில் கலப்படம் என்று நானாகச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பயின்னவுங் போய்வர 110 மைல். நடைக்கு இரண்டு கேலனுக்கு மேல் வீண். ஒரு பருவத்துக்கு அறுபது நடை. பெருக்கிப் பார்க்க எனக்கு மனமில்லை. மனைவி பெருக்கி, கோடும் போட்டு வைத்திருந்தாள்.

மகன் அதற்குள் இன்னொரு யோசனை சொன்னான்: ஜப்பானில் கழற்றிய எஞ்சின் முழுசாக வாங்கிப் போட்டால் இரண்டு நாளில் முடிந்துவிடுமே? சயாவிடம் கேட்டேன். "உன் எஞ்சினுக்கு என்ன வியாதின்னு எனக்குத் தெரியும். அதுக்கு என்ன வியாதின்னு யாருக்குத் தெரியும்?" என்றார். அதோடு எஞ்சின் நம்பரும் ஓனர் புக்கில் ஏறியிருக்கிறது. மாற்றினால் கஞந வாசலில் எத்தனை நாள் நிற்க வேண்டுமோ. கிராங்கை அளந்து பார்த்ததில் தேய்மானம் இல்லை. பிளாக்கும் சரி. அப்படியானால் உள்ளே இருப்பதை மாற்றினால் போதும்.

நோட்டில் உள்ளதை அப்படியே தருகிறேன், லட்சத்தில். பிஸ்டன், லைனர், ரிங் நாலு சிலிண்டருக்கும் 18. பேரிங் 4. ஹெட் இழைத்து வால்வு உட்காரவைத்தது 4. கேஸ்கெட் செட் 3. நாசில் 4, டீசல் பம்ப் கட்டினது 6. ரேடியேட்டருக்குப் புது உள்கூடு 7, தண்ணீர் பம்ப் 3. எண்ணெய், ஃபில்டர் 3. குறுக்குச் சட்டத்தில் ரிவெட்டை எடுத்துவிட்டு போல்ட் முடுக்கியது 2. கூலி 8. மொத்தம் 62. சயா முதலில் சொன்னது 50. எந்த மெக்கானிக் முதலில் சரியான தொகை சொல்லியிருக்கிறார்? ரேடியேட்டரை நான் சேர்த்துக் கணக்கிடவில்லை, அதுதான் எல்லாவற்றுக்கும் மூலம் என்று கழற்றிய பிறகே தெரிந்தது. பாதிக் குழாய் அடைத்துக் கிடந்தது.

மறுபக்கம், முந்நூறுக்கு விற்று 560க்கு வாங்கியிருந்தால் 260 லட்சம் கடன். மாதம் மூன்று வட்டி என்றால் வட்டி மட்டும் எட்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. எனக்கு நல்ல வருமானம் நாலு மாதம், வட்டிக்குப் பன்னிரண்டு மாதம். உளுந்து வியாபாரத்தில் எதையும் நம்ப முடியாது. 2017 ஆகஸ்டில் இந்தியா உளுந்து இறக்குமதிக்கு உச்சவரம்பு வைத்தபோது இங்கே விலை சரிந்து, குடியானவர்கள் மூட்டையை வீட்டிலேயே போட்டுவைத்தார்கள். லாரி வாசலில் நின்றது. தவணை எதுவும் இல்லாததால் நாங்களும் நின்றோம், விழவில்லை. 2021இல் இரண்டு அரசாங்கமும் வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து என்று ஐந்து வருஷத்துக்கு எழுதிக்கொண்டார்கள். நல்லதுதான். ஆனாலும் டில்லியில் ஒரு தாள் கையெழுத்தானால் பயின்னவுங்கில் அன்றைக்கே விலை ஆடும். அந்த ஆட்டத்தின் மேல் 260 லட்சத்தை வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் மகன் சொன்னது நியாயம் என்று இப்போதும் நினைக்கிறேன். அவன் இடப்பக்க ஸ்டியரிங் வைத்த சீனத்துப் புது லாரி வாங்கச் சொன்னான். பர்மாவில் 1970 டிசம்பரில் சாலைப் பக்கத்தை மாற்றினார்கள். அதுவரை இடப்பக்கம் ஓட்டியவர்கள் அன்றிலிருந்து வலப்பக்கம். ஆனால் ஜப்பான் வண்டிகள் வலப்பக்க ஸ்டியரிங்கோடுதான் வந்துகொண்டே இருந்தன. 2017 முதல்தான் அவற்றுக்கு இறக்குமதிக் கதவு சாத்தத் தொடங்கியது. என் கேண்டரில் உட்கார்ந்தால் முன்னால் போகிற பஸ்ஸின் முதுகுதான் தெரியும், எதிரே வருவது தெரியாது. இடப்பக்கம் இருக்கும் ஸ்பேர் தலையை நீட்டிப் பார்த்து, "வரலாம் மாமா" என்று சொன்னால்தான் முந்துவேன். (ஸ்பேர் என்றால் உதிரி டயர் இல்லை. கிளீனர் பையனை இங்கே 'சப்பேயா' என்பார்கள், அந்த ஸ்பேர்.) ஒரு பத்தொன்பது வயசுக் கண்ணை நம்பி மூன்று டன் பாரத்தோடு எதிர் ரோட்டில் இறங்குவது புத்திசாலித்தனமான காரியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தினமும் நெடுஞ்சாலையில் ஓடுகிற பிழைப்பாக இருந்தால் கடன் பட்டாவது அதைத்தான் வாங்கியிருப்பேன். நாலு மாதம், போக ஐம்பத்தைந்து மைல், வர ஐம்பத்தைந்து மைல் என்பதால் மனசைத் தேற்றிக்கொள்கிறேன். என் சேஸிஸ் 'தொப்' என்றிருந்தாலும் முடிவு வேறாக இருந்திருக்கும். அன்றைக்கு ஆடியது அந்த ரிவெட் இரண்டு மட்டும்தான் என்பது என்னைக் காப்பாற்றியது.

வேலை முடிய ஏழு வாரம் ஆனது. லைனர் செட் முதலில் வந்தது போலி. சயா பெட்டியை முகர்ந்து பார்த்தே திருப்பி அனுப்பினார். முகர்ந்து என்ன தெரியும் என்று கேட்டேன், பதில் இல்லை. அப்புறம் மின்சாரம் இருக்கிற நேரத்தில்தான் லேத் ஓடும். எஞ்சினை முதல் தடவை எழுப்பிய அன்று சயா எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திருப்பி, சும்மா அந்த ஓட்டையின் மேல் வைத்தார். முன்பெல்லாம் உள்ளிருந்து வரும் காற்றில் அந்த மூடி கூத்தாடும். இப்போது அசையாமல் உட்கார்ந்திருந்தது. பையன் அதை செல்போனில் படம் பிடித்து பினாங்குக்கு அனுப்பினான். "மூடி அசையலேன்னு யாராவது வீடியோ எடுப்பாங்களா" என்று பதில் வந்தது.

புது ரிங் பழகுகிறவரை ஆயிரம் மைலுக்குப் பாரம் ஏற்றக் கூடாது, விரட்டக் கூடாது என்று சயாவின் உத்தரவு. ஆகவே ஆடி மாதத்தில் வெறும் வண்டியோடு ரங்கூனுக்கு அப்பால் சிரியம் பக்கத்துப் பீலிக்கான் முனீஸ்வரரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். பையனுக்குக் காய்ச்சல். "நான் வரேன்" என்று என் மனைவி இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். பெகுவிலிருந்து ரங்கூன் போகிற வழியில் ஷ்வே நியாவுங்பின், அந்த ஆலமரத்து நாட் (காவல் தெய்வம்) கோயிலில் புது வண்டிக்காரர்கள் எல்லாரும் செய்கிறபடி நானும் வண்டியை மூன்று தரம் முன்னும் பின்னும் நகர்த்திக் கும்பிட வைத்தேன். "இது புது வண்டியா?" என்றாள். "எஞ்சின் புதுசுதானே" என்றேன்.

அதற்கு அப்புறம்தான் சிக்கல். முன்னால் மூங்கில் ஏற்றிய ஒரு லாரி, இருபது மைல் வேகத்தில். நான் மெல்ல இடப்பக்கம் ஒதுங்கி, "பாரு, எதிர்ல வருதா?" என்றேன். அவள் தலையை நீட்டி வெகுநேரம் பார்த்தாள். "தூரத்துல ஏதோ இருக்கு." "எவ்வளவு தூரம்?" "தெரியுது, அதனால வேண்டாம். பொறுங்க." மறுபடி கேட்டேன். மழைத் தூறல் விழுகிறது, பொறுங்க. மறுபடி. ஒரு சைக்கிள் வருகிறது, பொறுங்க. வெகுதூரம் அந்த மூங்கில் நுனிகள் கண்ணாடிக்கு முன்னால் ஆடிக்கொண்டே வந்தன. எஞ்சின் பழகுவதற்கு அந்த வேகம் சரிதான் என்று சொல்லிக்கொண்டேன். சூட்டு முள் பாதிக்குக் கீழேயே நின்றது; நான் பார்த்ததைவிட அவள்தான் அதை அதிகம் பார்த்துக்கொண்டு வந்தாள்.